ஏரிக்கரையில் மரக்கால் வீடுகள்
ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், உன்டரூல்டிங்கன் என்ற ஊரில், மரக்கால்கள் மேல் கற்கால, வெண்கலக்கால வீடுகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். 1922-இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் இது. 'புதிதாகக் கட்டியதில் என்ன வரலாறு?' என்று கேட்கலாம். அந்தக் கால வீடுகளின் அசல் மரக்கால்கள் ஏரிச்சேற்றில் காற்றுப்படாமல் புதைந்திருப்பதால்தான் மட்காமல் இருக்கின்றன. அவற்றின் ஆண்டு வளையங்களைக் கொண்டு மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடுகிறார்கள். வெளியே எடுத்து அப்படியே விட்டால் உலர்ந்து வெடித்துவிடும். ஆகவே, வீட்டைக் கண்ணால் பார்க்க மாதிரிதான் வழி. மாதிரி தப்பாகாதா? ஆகியிருக்கிறது. தண்ணீர்மேல் ஒரே மேடை போட்டு ஊரே வாழ்ந்ததாக முதலில் நம்பினார்கள்; அப்படியே கட்டினார்கள். பல வீடுகள் கரையோரச் சதுப்பில் தனித்தனியாக நின்றதைப் பிந்தைய அகழாய்வுகள் காட்டின. பழைய மாதிரியை இடிக்காமல், புதிய கருத்துப்படியும் கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.