மாடப்புறாவும் மனிதன் கண்ணும்

புறா என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவன் சிபி. பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த பறவையின் பொருட்டுத் தன்னையே துலாக்கோலில் இட்ட அம்மன்னனைப் புறநானூறு சோழர் குலத்து முன்னோனாகப் போற்றுகின்றது. நாம் இன்று பேசப்புகுவது வேறொரு வகை அன்பினைப் பற்றியது. புறாவைக் காப்பதோடு அமையாது, அதனைத் தன் உள்ளம் விரும்பிய உருவில் வனைந்துகொள்ளும் அன்பு அது.

அழகுக்காக வளர்க்கப்படும் புறா இனங்கள் இன்று பல நூறு உள்ளன. விசிறிவாற்புறா வாலை மயில்போல் விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னே சாய்த்து நிற்கும். ஏனைய புறாக்களுக்கு வாற்சிறகுகள் பன்னிரண்டோ பதினான்கோ இருக்க, இதற்கு முப்பது, சிலவேளை நாற்பதும் உண்டு. ஊதற்புறா தன் தீனிப்பையைக் காற்றால் நிரப்பிப் பந்தாக்கிக்கொள்ளும். இன்னொன்று கழுத்துச் சிறகுகள் முன்னோக்கிக் கவிந்து, முக்காடிட்ட துறவிபோல் தோன்றும். பறக்கும்போது வானிற் பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும் இனத்தைத் தமிழ்நாட்டார் கரணப்புறா என்பர். அக்பர் சக்கரவர்த்தியின் அவையில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்று அபுல் பசல் எழுதிவைத்துள்ளார். புறா வளர்ப்புக்கு அங்கே வழங்கிய பெயர் காதல் விளையாட்டு என்பதாம்.

பெயருக்கேற்ப இது பொறுமையை வேண்டும் விளையாட்டு. பேடு இடுவது இரண்டு முட்டை. பகலிற் பெரும்பாலும் சேவலும் இரவிற் பேடுமாக ஏறக்குறையப் பதினெட்டு நாள் அடைகாக்கும். குஞ்சு பொரித்ததும் தாய், தந்தை இரண்டின் தீனிப்பையிலும் தயிர்க்கட்டி போன்ற ஒரு பால் சுரக்கின்றது. தந்தையும் பாலூட்டும் இவ்வியல்பு உயிரினங்களில் மிக அரிது. குஞ்சு ஒரு வாரத்தை எட்டும் அளவில், ஆண்டு பொறித்த மூட்டில்லா வளையம் ஒன்றைக் காலில் ஏற்றிவிடுவர். சில நாள் தாமதித்தால் விரல்கள் தடித்து வளையம் ஏறாது. பின்னர் அதனைக் கழற்றவும் இயலாது. ஆகவே கண்காட்சியிற் பறவையின் வயதைப் பொய்யாகச் சொல்ல வழியில்லை.

கண்காட்சிக்கு வரும் பறவை கூட்டுக்குள் அஞ்சாது நிற்கப் பழகியிருக்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் உண்டு. நடுவர் அதனை மனத்திற்கொண்டே அலகின் நீளம், கண்ணின் நிறம், நிற்கும் பாங்கு ஆகியவற்றை நோக்குவார். நிறந்தவறிய ஓரிரு சிறகுகளை முன்னாளே பிடுங்கிவிட்டுப் பறவையைக் கொண்டுவருவோரும் உண்டு. புலவர் அவையில் மட்டுமா இடைச்செருகல்!

இவ்விலக்கணத்தின் வலிமையை நன்குணர்ந்தவர் சாள்ஸ் டார்வின். 1855ஆம் ஆண்டில் அவர் கென்ற் மாகாணத்துத் தம் இல்லத்திற் புறாக்களை வளர்க்கத் தொடங்கினார். இலண்டனிற் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டிற் சேர்ந்து, மதுச்சாலைகளிற் கூடிய எளிய தொழிலாளரோடும் அமர்ந்து உரையாடினார். ஒவ்வோர் இனமும் வெவ்வேறு காட்டுப் பறவையின் வழிவந்தது என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. டார்வினோ அனைத்தும் மாடப்புறா ஒன்றின் வழித்தோன்றல்களே என்றார். தூய வெள்ளை விசிறிவாற்புறாவையும், பார்ப் எனப்படும் இனத்துத் தூய கரும்புறாவையும் அவர் இணைத்தார். குஞ்சுகள் கருமையும் கபிலமும் கலந்து பிறந்தன. அவற்றைத் தம்முள் இணைத்தபோது, பேரக் குஞ்சு ஒன்று நீலச்சாம்பல் உடலும் இறக்கையில் இரு கரிய பட்டைகளுமாக, மலைப்பாறையில் வாழும் மாடப்புறாவை அப்படியே ஒத்து வந்தது. வெள்ளையிலும் கறுப்பிலும் ஒளிந்திருந்த பாட்டன் வெளிப்பட்டான்! 1859இல் வெளிவந்த அவரது நூலின் முதல் அதிகாரத்திலேயே புறாக்கள் இடம்பெற்றமை இதனாலேயே. 2013இல் ஆராய்ச்சியாளர் புறாவின் மரபணுத் தொகுதியைப் படித்து, கொண்டையுள்ள பல்வேறு இனங்களிலும் கொண்டைக்குக் காரணம் ஒரே மரபணுவின் மாற்றமே எனக் கண்டனர்.

ஆயின் வளர்ப்பவன் தெரிந்தெடுப்பது தன் கண்ணுக்கு இனியதை. பறவைக்கு நல்லதை அன்று. குறுமுகக் கரணப்புறாவை எடுத்துக்கொள்ளுங்கள். அலகு குறுகக் குறுகப் பரிசு கூடிற்று. முட்டைக்குள்ளேயே மடியும் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளிவருவனவற்றிலும் மிகுதி என்று வளர்ப்போர் தமக்குச் சொன்னதாக டார்வினே எழுதியுள்ளார். ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுப்பது அவர்தம் வழக்கமான பணிகளுள் ஒன்றாயிற்று. பரிசு வழங்கும் சங்கங்களே இலக்கணத்தையும் வகுப்பவை. அலகு இவ்வளவு போதும் என்று அவை ஒரு வரி எழுதினால், சில தலைமுறைகளில் அவ்வலகு மீண்டும் நீளும். அதுவரை, மிகக் குறுகிய அலகுடைய இனங்கள் தம் குஞ்சுக்கு நன்கு ஊட்ட இயலாமையால், அவற்றின் முட்டைகளை எடுத்துச் சாதாரணப் புறா இணையொன்றின் கூட்டில் வைத்துவிடுகின்றனர். பரிசுபெறப் போகும் குஞ்சைப் பொரித்துப் பாலூட்டி வளர்ப்பது, எந்தக் கண்காட்சிக்கும் போகாத அச்சாதாரணப் புறாக்களே.