மிஷின் வந்தது, சொல்லிக் குடுக்க ஆள் எங்கே?

பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் மட்டும் போதுமா? வாத்தியாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. 1984-லேயே டெல்லி சர்க்கார் இதற்கு வழி தேடியது. திட்டத்தின் பெயர் 'கிளாஸ்'. முதல் கட்டமாக நாடு முழுவதும் 250 பள்ளிகள். இங்கிலாந்தில் பிறந்த 'பி.பி.சி. மைக்ரோ' கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின.

சும்மா இறக்கிவிட்டுப் போகவில்லை. என்ஜினீயரிங் காலேஜ்களும் ஐ.ஐ.டி.க்களும் பயிற்சி மையங்கள் ஆக்கப்பட்டன. பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்று வந்து, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கே இடறியது?

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பயிற்சியோ சில வாரம். மிஷினில் இருந்த பாடங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷ். நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்தோடு அவை ஒட்டவில்லை. ரிப்பேர் என்றால் உடனே பார்க்க ஆளில்லை. பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைக்குப் பூட்டு விழுந்தது.

அதன் பிறகும் சாமான்கள் வராமல் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் கல்வி டி.வி. வந்தது. 2020-ல் கொரோனா பள்ளிகளை மூடியபோது, வீட்டில் செல்போன் இருந்த பிள்ளை படித்தது. இல்லாத பிள்ளை பின்தங்கியது.

கோவைக்குப் புதிதா?

கோவைக்காரர்களுக்கு இது புது விஷயமே அல்ல. பீளமேட்டில் 1924-ல் சர்வஜன பள்ளி. 1926-ல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நாலு பேர் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கான 2 லட்சத்து ஆயிரம் ரூபாயை தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். 1951-ல் அதே பீளமேட்டில் என்ஜினீயரிங் காலேஜ். பள்ளி, காலேஜ், பட்டறை எல்லாம் கூப்பிடு தூரத்தில்!

தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதற்கு 1945-ல் வித்திட்டவர் ஜி.டி.நாயுடு. படிப்பு என்றால் கையில் வேலை தெரியணும் என்றவர் அவர்.

இன்று கோவையைச் சுற்றி காலேஜுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு காலேஜும் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றைத் தத்து எடுத்து, வாரம் ஒருநாள் ஆளனுப்பினால் என்ன? மிஷின் கெட்டால் மாணவர்கள் சரிபார்க்கட்டும். பேராசிரியர்கள் வாத்தியார்களோடு உட்கார்ந்து தமிழில் பாடம் தயாரிக்கட்டும்.

"மிஷின் இருக்குதுங்க, சொல்லிக் குடுக்க ஆள் வேணுமில்லீங்க?" என்று தறி ஓட்டும் தகப்பன் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது சர்க்கார் மட்டுமல்ல. பக்கத்துக் காலேஜும்தான்!