முதலில் யாரை எடுப்பது?

2015 மார்ச் 26. அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஐஸ் ஹாக்கி அரங்கம். உள்ளூர் அணியான பஃபலோ சேபர்ஸும் அரிசோனா கயோட்டீஸும் 3-3 என்று சமநிலையில் நிற்க, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அரிசோனாவின் சாம் காக்னர் ‘பக்’ எனப்படும் வட்டை வலைக்குள் தள்ளினார். உள்ளூர் அணி தோற்றது. பஃபலோ ரசிகர்கள் பலர் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். சொந்த ஊர் ஆட்டக்காரர்கள் அன்று மனம் நொந்துபோனதைப் பத்திரிகையாளர்களிடம் மறைக்கவில்லை.

அந்த ரசிகர்களுக்குத் தங்கள் அணியின் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கில் அந்த வருடம் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை இந்த இரண்டு அணிகள்தான். கடைசியாக வரும் அணிக்கு, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் முதல் ஆளோ இரண்டாவது ஆளோ கட்டாயம் கிடைப்பார் என்பது அன்றைய விதி. அந்த வருடத்து முதல் இரண்டு பெயர்கள் கானர் மெக்டேவிட், ஜாக் ஐக்கல். மெக்டேவிட் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஈரி நகரம் பஃபலோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். பதினெட்டு வயதுப் பையன். பக்கத்து ஊரில் ஆடுகிறான். அவன் நம்மிடம் வந்தால் அடுத்த பதினைந்து வருடம் நம்முடையது. அன்றைக்கு ஒரு ஆட்டம் தோற்றால் என்ன என்று அவர்கள் நினைத்தார்கள்.

பஃபலோ கடைசி இடத்தில்தான் முடித்தது. ஆனால் குலுக்கலில் முதல் இடம் 11.5 சதவீத வாய்ப்பு மட்டுமே வைத்திருந்த எட்மன்டனுக்கு விழுந்தது. மெக்டேவிட் அங்கே போனார். ஐக்கல் பஃபலோவுக்கு வந்தார்.

டிராஃப்ட் என்றால் ஐ.பி.எல். ஏலம் போன்றதுதானே என்று நம்மவர்கள் நினைக்கக்கூடும். இரண்டுக்கும் அடிப்படையே வேறு. ஏலத்தில் பணம் பேசும். அதிகம் கொடுப்பவருக்கு ஆட்டக்காரர் போவார். டிராஃப்டில் விலை கேட்பதே கிடையாது. அணிகள் வரிசையாக நின்று, முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்லும். சொன்ன அணிக்குத்தான் அந்த இளைஞரோடு ஒப்பந்தம் போடும் உரிமை. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை அந்தப் பையன் தீர்மானிக்க முடியாது. பலவீனமான அணி முதலில் எடுக்கும், பலமான அணி கடைசியில் எடுக்கும். பணக்கார ஊர்களே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக 1963இல் மான்ட்ரியால் நகரத்து ஹோட்டல் ஒன்றில் இந்த முறை தொடங்கியது. அப்போது ஆறே அணிகள். எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 21 பேர். இன்று 32 அணிகள், ஏழு சுற்று, 224 பெயர்கள்.

தோற்பவருக்குப் பரிசு என்று வைத்தால் வேண்டுமென்றே தோற்கும் ஆசை வராதா? வந்தது. 1984இல் மாரியோ லெமியூ என்ற அற்புதம் கியூபெக் ஜூனியர் லீக்கில் 70 ஆட்டங்களில் 282 புள்ளிகள் (கோலும், கோலுக்கு உதவும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எடுத்து நின்றபோது, பிட்ஸ்பர்க் அணி அந்த சீசனைக் கடைசி இடத்தில் முடித்த விதத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். 1993இல் ஒட்டாவா அணியின் மேல் இதே சந்தேகம் எழுந்து லீக் விசாரணையே நடத்தியது. 1995இலிருந்து குலுக்கல் வந்தது. ஒரு இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் சுழலும். நான்கு பந்துகள் வெளியே வரும். அப்படி வரக்கூடிய சேர்க்கைகள் 1,001. அவற்றில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மற்ற ஆயிரத்தை, பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான இறுதிக்கட்டத்துக்குப் போகாத அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். மோசமான அணிக்கு அதிகப் பங்கு. விதிகள் பலமுறை மாறிவிட்டன. 2022 முதல், குலுக்கலில் வென்றாலும் ஒரு அணி பத்து இடத்துக்கு மேல் முன்னேற முடியாது. 2025இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் பத்தாவது இடத்திலிருந்து 3.5 சதவீத வாய்ப்பில் முதல் இடத்துக்குத் தாவி, மேத்யூ ஷேஃபர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. கழுத்தெலும்பு முறிந்து ஜூனியர் லீக்கில் அந்த சீசன் வெறும் 17 ஆட்டமே ஆடியிருந்த பையன் அவர்.

17 ஆட்டத்தை வைத்து ஒருவனை எடைபோடும் இந்த இடத்தில்தான் ரசிகர்களின் உண்மையான வேலை தொடங்குகிறது. கனடாவின் மூன்று ஜூனியர் லீக்குகள், அமெரிக்கக் கல்லூரிகள், ஸ்வீடன், ஃபின்லாந்து, செக், ஸ்லோவாக்கியா என்று பல திசைகளில் ஆடும் பையன்களை ஒரே தராசில் நிறுத்த வேண்டும். சக வயதுக்காரர்களோடு ஆடி நூறு புள்ளி எடுத்தவன் பெரியவனா, ஃபின்லாந்தில் தாடி வைத்த ஆண்களோடு மோதிப் பத்துப் புள்ளி எடுத்தவன் பெரியவனா? எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் சேர்த்த புள்ளி எத்தனை, சமபலத்தில் சேர்த்தது எத்தனை? அவனோடு ஒரே வரிசையில் ஆடியது யார்? இன்னும் வளர்வானா? இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். டீக்கடையில் கிரிக்கெட் தேர்வுக் குழுவைக் கிழித்துத் தொங்கவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உற்சாகம் புதிதாக இருக்காது.

பிறந்த தேதிகூட இந்த வாதத்தில் பெரிய விஷயம். செப்டம்பர் 15க்குள் 18 வயது நிறைந்தால்தான் அந்த வருட டிராஃப்டில் இடம். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் முன்னால் பிறந்திருந்தால் மெக்டேவிட், ஐக்கலோடு 2015இல் நின்றிருப்பார். ஒரு வருடம் காத்திருந்து, அந்த நேரத்தில் சுவிட்சர்லாந்து லீக்கில் ஆடிவிட்டு 2016இல் டொரான்டோவுக்கு முதல் ஆளாக வந்தார். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தார். ஆகவே செப்டம்பர் கடைசியில் பிறந்த பையன் ஒருவன் நன்றாக ஆடினால், அவன் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன் என்று யாராவது ஒருவர் நினைவுபடுத்தாமல் விடமாட்டார். அது நியாயமான வாதமும்கூட. அந்தப் பருவத்தில் ஒரு வருடம் என்பது உடம்பில் பெரிய வித்தியாசம்.

உடம்பை அளக்க ஒரு தனிச் சடங்கே இருக்கிறது. டிராஃப்டுக்கு முன்னால் ஏறக்குறைய நூறு பையன்களை ஓரிடத்தில் கூட்டி, மூச்சு முட்டும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, குதிக்கவைத்து, கம்பியில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். 2014இல் சாம் பென்னட் என்ற பையனால் கம்பியைப் பிடித்து ஒருமுறைகூட உடம்பை மேலே தூக்க முடியவில்லை. வட அமெரிக்க ஆட்டக்காரர்களில் முதலிடம் என்று லீக்கின் மதிப்பீட்டுப் பிரிவே பட்டியலிட்டிருந்த பையன் அவர். அந்தச் சைபர்தான் வாரக்கணக்கில் பேச்சாக இருந்தது. கல்கரி அணி அவரை நான்காவது ஆளாக எடுத்தது. 2025இல் ஃபுளோரிடா அணிக்காக பிளேஆஃபில் 15 கோல் அடித்து, லீக் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையோடு பிளேஆஃப் நாயகன் விருதையும் வாங்கிய ஆட்டக்காரர் இதே பென்னட்தான்.

ரசிகர்களின் வாக்குவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க 2022 ஜூலை 7ஆம் தேதி மான்ட்ரியாலுக்குத்தான் போக வேண்டும். அந்த வருடம் டிராஃப்ட் நடந்ததும் அங்கே. முதல் இடம் கிடைத்ததும் அந்த ஊர் கனேடியன்ஸ் அணிக்கே. பெல் சென்டர் நிரம்பி வழிந்தது. இரண்டு வருடமாக எல்லார் வாயிலும் இருந்த பெயர் ஷேன் ரைட். திறமையைப் பார்த்து 15 வயதிலேயே ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் ஆடச் சிறப்பு அனுமதி பெற்றவர். முதல் சீசனில் 39 கோல். அடுத்த சீசனைக் கொரோனா முழுசாக விழுங்கிவிட்டது. திரும்பி வந்து 63 ஆட்டங்களில் 94 புள்ளி எடுத்தார். நல்ல எண்தான். ஆனால் ரைட்டிடம் எதிர்பார்த்தது இதற்கும் மேலே என்று ஒரு கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது.

எதிர்ப்பக்கம் ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி. ஆறேகால் அடி உயரம். ஃபின்லாந்து லீக்கில் 31 ஆட்டங்களில் எடுத்தது பத்தே புள்ளி. ஆனால் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பதினேழு வயதில், ஏழு கோல் அடித்துத் தன் நாட்டுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஒருவருக்கு நீண்ட சாதனைப் பட்டியல். இன்னொருவருக்குப் பெரிய மேடையில் இரண்டு வாரம். மான்ட்ரியால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அணிக்கு நடுவில் ஆடும் சென்டர் தேவை, ரைட் சென்டர் என்றது ஒரு பக்கம். தேவையைப் பார்த்து எடுக்காதே, ஆளின் உச்சவரம்பைப் பார் என்றது மறுபக்கம்.

அணியின் பொது மேலாளர் கென்ட் ஹியூஸ் மேடையேறி ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரைச் சொன்னதும் அரங்கம் முதலில் திகைத்து, பிறகு கொந்தளித்தது. இரண்டாவது இடத்திலும் ஒரு ஸ்லோவாக்கியர், ஷிமோன் நெமெக். மூன்றாவதாக அமெரிக்கச் சிறுவன் லோகன் கூலி. இரண்டு வருடம் முதலிடத்தில் பேசப்பட்ட ரைட் நான்காவதாக சியாட்டிலுக்குப் போனார். மேடைக்கு வந்தவர் பார்வை மான்ட்ரியால் மேசைப் பக்கம் திரும்பிய அந்த ஒரு நொடியை ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அதே டிசம்பரில் ரைட் என்.எச்.எல்.லில் தன் முதல் கோலை அடித்தார். எதிரணி மான்ட்ரியால்.

மான்ட்ரியாலில் வயதானவர்களுக்கு அன்று இரவு வேறொரு நினைப்பும் வந்திருக்கும். 1980இல் இதே ஊர், இதே முதல் இடம். உள்ளூர்ப் பையன் டெனி சவார் இருக்கும்போது, அணி சஸ்கச்சுவானைச் சேர்ந்த டக் விக்கன்ஹைசரை எடுத்தது. சவார் மூன்றாவதாக சிகாகோவுக்குப் போய் 473 கோல் அடித்து ஹாக்கியின் புகழரங்கில் இடம்பிடித்தார். விக்கன்ஹைசர் மோசமான ஆட்டக்காரர் அல்ல. 556 ஆட்டங்களில் 111 கோல் அடித்தவர். ஆனாலும் அவர் எந்த கோல் அடித்தாலும் அது சவாரின் கோலோடு ஒப்பிடப்பட்டது. தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளாத ஒரு இளைஞர், மேலாளர்களின் முடிவுக்காக அவ்வளவு காலம் பதில் சொல்ல நேர்ந்தது கொடுமை. ரசிகர்களின் வாதத்தில் கண்டிக்க வேண்டிய பகுதி இதுதான். எடுத்தவரைத் திட்டலாம். எடுக்கப்பட்ட பையனைத் திட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

முதல் இடத்தின் பாரத்தை ஒட்டாவாவின் அலெக்சாந்த்ர் டேக்ள் அளவுக்குச் சுமந்தவர் குறைவு. 1993இல் முதல் ஆள். ஐந்து வருடத்துக்கு 1.225 கோடி டாலர் ஒப்பந்தம். எதிர்பார்த்த அளவுக்கு அவர் வளரவில்லை. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் புதுமுகங்களின் சம்பளத்துக்கே லீக் உச்சவரம்பு வைத்தது. இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிறிஸ் ப்ராங்கர் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், கோப்பையும் வென்றார்.

முதல் இரவைத் தாண்டிப் பின்சுற்றுகளைப் பார்க்கும் ரசிகர்கள்தான் இந்த ஆட்டத்தின் ஆழமான பக்தர்கள். டெட்ராய்ட் அணிக்காக ஸ்வீடனைச் சேர்ந்த ஹோக்கன் ஆண்டர்சன் என்ற ஸ்கவுட் (திறமையைத் தேடிப் போகிறவர்) ரஷ்யாவுக்கு வேறொரு தடுப்பாட்டக்காரரைப் பார்க்கப் போனார். எதிரணியில் ஒல்லியாக, குட்டையாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் அவர் கண்ணில் பட்டார். அவர் பாவெல் தட்சியூக். முந்தைய இரண்டு டிராஃப்டுகளிலும் ஒரு அணியும் அவரைச் சீண்டவில்லை. 1998இல் 171ஆவது இடத்தில் டெட்ராய்ட் எடுத்தது. அடுத்த வருடம் 210ஆவது இடத்தில் ஹென்ரிக் ஸெட்டர்பெரி. 2008இல் இருவரும் சேர்ந்து கோப்பை தூக்கினார்கள். தட்சியூக் 2024இல் புகழரங்குக்குள் நுழைந்தார். டெட்ராய்ட் ரசிகர்கள் இன்றும் ஏழாவது சுற்று வரை தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு இந்த இரண்டு பெயர்கள் போதும்.

மான்ட்ரியாலுக்கும் அப்படி ஒரு புதையல் அதே 2022இல் கிடைத்தது. ஐந்தேமுக்கால் அடியைத் தொடாத தடுப்பாட்டக்காரர் லேன் ஹட்சன். இன்னும் வளரும் உடம்புதான் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை அணிகளிடம் காட்டிய பையன். உயரத்தைப் பார்த்தே பலரும் தாண்டிப் போக, 62ஆவது இடத்தில் மான்ட்ரியால் எடுத்தது. 2024-25இல், தன் முதல் முழு சீசனில், 66 புள்ளி எடுத்தார். அதில் 60 அசிஸ்ட். புதுமுகத் தடுப்பாட்டக்காரர்களின் சாதனையைச் சமன் செய்த எண் அது. சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே.

அந்த வசந்தத்தில் மான்ட்ரியால் நான்கு வருடத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்குத் திரும்பியது. ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் வரிசையில் 51 புள்ளி. சியாட்டிலில் ரைட் 44 புள்ளி. அரிசோனாவிலிருந்து யூட்டாவுக்கு இடம்பெயர்ந்த அணியில் கூலி 65 புள்ளி. மூவருக்கும் அப்போது இருபது, இருபத்தொரு வயது. 2022ஐ இன்று மறுபடி நடத்தினால் முதல் ஆள் கூலியா, ஹட்சனா, இல்லை ஸ்லாஃப்கோவ்ஸ்கியேதானா என்று மான்ட்ரியால் ரசிகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.