கடைக்கு ஒரு காவல்காரன்: உள்ளங்கைக் கணினி

தாராபுரம் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் ஒரு சிறு விளக்கு எரியும்; மிஷின் தானாக நிற்கும். துணி வீணாகாமல் காப்பது ஒரு சின்னஞ்சிறு சுவிட்சுதான். எலக்ட்ரானிக்ஸ் என்றாலே எட்டாத படிப்பு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் அரிச்சுவடி இவ்வளவே: நடந்ததை உணர்வது, உடனே ஒன்றைச் செய்வது.

இதை வீட்டு மேசையிலேயே கற்றுத்தரும் கருவிதான் 'ராஸ்பெரி பை'. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கணினிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் தொகையும் திறமையும் குறைவதைக் கண்ட எபன் அப்டனும் அவர் நண்பர்களும், பிள்ளைகள் பயமின்றி நோண்டிப் பார்க்க மலிவான கணினி தேவை என்று எண்ணினர். ஒரே பலகையில் அமைந்த அக்கணினி 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்தது. நம் நாட்டில் திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம், தன் சொந்த 'வேகா' பிராசஸரைக் கொண்டு 'ஏரீஸ்' என்ற பயிற்சிப் பலகையை உருவாக்கியிருக்கிறது.

முதல் பாடம் விளக்கு

இன்றைய பையில் 40 பின்கள் உண்டு. அவற்றுள் கட்டளைக்குப் பணியும் பின் தருவது 3.3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட்டை 330 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால், ஓடும் மின்சாரம் சுமார் 4 மில்லி ஆம்பியர். பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதி இங்கே கண்ணெதிரே எரிகிறது! பைத்தான் மொழியில் நாலு வரி எழுதினால் விளக்கு கண்சிமிட்டும்.

அடுத்தது ஷட்டர். ஷட்டரில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச். ஷட்டர் தூக்கப்பட்டால் காந்தம் விலகும், பஸ்ஸர் அலறும். பஸ்ஸரை நேரே இணைக்காமல் டிரான்சிஸ்டர் வழியாக இணைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் எதற்கு என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

மூன்றாவது, பிரீசர். சனி இரவு நின்றுபோன பிரீசரைத் திங்கள் காலை திறந்து பார்த்த வணிகருக்கு அதன் அருமை தெரியும். டி.எஸ்.18பி20 என்ற வெப்ப உணரியும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், குளிர் குறைந்தவுடன் கைப்பேசிக்குச் செய்தி வரச் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

பின்னில் 5 வோல்ட் கொடுத்தால் பலகை கெட்டுவிடும். கரண்ட் போனால் பலகையும் நின்றுவிடும். திடீரென நின்றால் மெமரி கார்டும் பழுதாகலாம். எனவே பேட்டரி அல்லது யு.பி.எஸ். அவசியம். 230 வோல்ட் இணைப்பில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

உதிரிபாகங்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சில்லறையாகவே கிடைக்கின்றன. 2016இல் தொடங்கிய அடல் திட்டத்தின்கீழ், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காகப் பல பள்ளிகளில் பயிற்சிக்கூடங்களும் உள்ளன.

வணிகப் பெருமக்களே! பில் மிஷின் நின்றாலும் மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் நாம், கோடை விடுமுறையில் ஒரு பலகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்ப்போம். ஒன்றிரண்டு எல்.இ.டி. எரிந்துபோகும், போகட்டும். சில ரூபாய் நட்டத்தில் கிடைக்கும் அறிவு, நாளை கடைக்கு முதலாகும்.