கண்மூட அஞ்சுவோர்க்கு

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்காக விடியும் முன்பே ஜீப் ஏறி, மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வரும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். அவ்வழியில் வண்டி கவிழ்ந்து உயிர் தப்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். தையல் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. ஆயினும் இரவானால் அவர் அதே வளைவில் நிற்கிறார். வண்டி சரிகிறது, அலறி விழிக்கிறார். சில வாரங்களில் கனவுக்கு அஞ்சியவர் உறக்கத்துக்கே அஞ்சத் தொடங்குகிறார். நள்ளிரவு வரை தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். தேநீர் குடித்து விழித்திருக்கிறார். சிலர் மதுவை நாடுகின்றனர்.

இது கோழைத்தனமன்று, சிகிச்சைக்குரிய ஒரு நிலை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றத்துக்கு வந்தோரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய பேரிடர்களில் பிழைத்தவர்களுக்கு மட்டுமன்றி, மீட்கச் சென்றவர்களுக்கும் கொடுங்கனவுகள் தொடர்வது மருத்துவம் நன்கறிந்த செய்தி. அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்த நாள்களுங்கூடச் சிலருக்கு இவ்வாறு கனவில் மீண்டு வரும்.

நாம் காணும் தெளிவான கனவுகளில் பெரும்பாலானவை, மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்கக் கட்டத்தில் தோன்றுகின்றன. இரவின் பிற்பகுதியில் இக்கட்டம் நீளும். ஆகவேதான் விடியற்காலைக் கனவுகள் நினைவில் தங்குகின்றன. அப்போது மூளை சுறுசுறுப்பாக இருக்கும். கைகால் தசைகளோ தளர்ந்து செயலற்றிருக்கும். தசைகளின் கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொண்டால், அசைய முடியாமல் மார்பை ஏதோ அழுத்துவதுபோல் தோன்றும். நம் பாட்டிமார் ‘அமுக்குவான் பேய்’ என்றது இதைத்தான். ஓரிரு நிமிடங்களில் அது தானே விலகிவிடும்.

விழித்திருந்து கனவைத் தவிர்க்க முயல்வது பயன் தராது. இழந்த கனவு உறக்கத்தை அடுத்தடுத்த இரவுகளில் மூளை ஈடுசெய்துகொள்ளும். கனவுகள் முன்னிலும் கடுமையாகும். மதுவும் அவ்வாறே. முன்னிரவில் கனவை அடக்கிப் பின்னிரவில் பெருக்கிவிடும். உறங்காத கண்களுடன் மறுநாள் மலைச்சாலையில் வண்டி ஓட்டுவதன் ஆபத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

வேறு வழி உண்டு. கனவு காணும்போதே ‘இது கனவு’ என அறிவதைத் தெளிவுக் கனவு எனலாம். இது கற்பனையன்று. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் நகரில், கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளரின் கருவிகளுக்கிடையே உறங்கிய ஆலன் வோர்ஸ்லி என்பவர், முன்னரே பேசிவைத்தபடி கனவினுள்ளிருந்து கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பினார். உறக்கத்திலும் கண் தசைகள் தளர்வதில்லை என்பதால் அது இயன்றது. கனவுக்குள்ளும் அறிவு விழித்திருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

ஆயினும் முதற்படி பகலிலேயே தொடங்குகிறது. மீண்டும் மீண்டும் வரும் கனவை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத இயலாதவர் வீட்டாரிடம் சொல்லலாம். மிகக் கொடிய கனவை முதலில் எடுக்க வேண்டாம். பிறகு அதன் முடிவை உங்கள் விருப்பம்போல் மாற்றுங்கள். ஜீப் வளைவுக்கு முன்பே நிற்கிறது. நீங்கள் இறங்கிச் சாலையோரக் கடையில் கடுங்காப்பி குடிக்கிறீர்கள் என்றுகூட இருக்கலாம். இப்புதிய கதையை நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2001-இல் வெளியான ஆய்வு, இப்பயிற்சி பெற்றோரிடம் கொடுங்கனவுகள் குறைந்ததைக் காட்டியது.

அடுத்தது தெளிவுக் கனவுப் பயிற்சி. பகலில் சிலமுறை ஒரு பெயர்ப்பலகையைப் படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படித்து, ‘இது கனவா?’ என்று உண்மையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கனவில் எழுத்துகள் பெரும்பாலும் மாறிவிடும். படுக்குமுன், ‘அந்த வளைவு வந்தால் அது கனவென்று அறிவேன்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். அறிந்த கணத்தில் ஓட முயல வேண்டாம். நின்று, பகலில் அமைத்த முடிவை நடத்திப் பாருங்கள். எல்லோருக்கும் இது கைகூடுவதில்லை. கைகூடாவிடினும் பகற்பயிற்சியின் பயன் குறையாது. எங்கள் கருத்தில் முதலிடம் அதற்கே.

இல்லாததைக் காண்பதாகவோ கேட்பதாகவோ உணர்வோரும், மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் தெளிவுக் கனவுப் பயிற்சியை மேற்கொள்ள வேண்டாம். நனவுக்கும் கனவுக்குமுள்ள எல்லை அவர்களுக்கு மேலும் குழம்பக்கூடும். புரோப்ரனலால் போன்ற சில மருந்துகளும் கொடுங்கனவைத் தரலாம். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் இருந்தாலோ, முதியவர் ஒருவர் உறக்கத்தில் கைகால்களை வீசிக் கனவையே நடித்துக் காட்டினாலோ, பரிசோதனை அவசியம்.

உடனிருப்போருக்கு ஒரு சொல். அலறுபவரைப் பிடித்து உலுக்காதீர்கள். சற்று விலகி நின்று, மெல்லிய விளக்கை ஏற்றி, பெயர் சொல்லி அழைத்து, ‘நம் வீட்டில்தான் இருக்கிறீர்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். கனவின் கதையை அப்போதே கேட்க வேண்டாம், காலையில் கேளுங்கள். உள்நோயாளியாயின் இரவுப் பணிச் செவிலியரைத் தயங்காமல் எழுப்பலாம். வீட்டிலிருப்போர், வாரத்தில் பல இரவுகள் இவ்வாறு கழிந்தால் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் காலைவரை காத்திராமல், இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.