வெறும் கூடையை முதலில் நிறுங்கள்!

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வாசனை பிடித்தே "அஞ்சு கிலோ மல்லி" என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார். எம்.ஆர்.ஐ. படத்திலும் அதே சங்கதிதான். 1988-ல் புழக்கத்துக்கு வந்த காடோலினியம் ஊசிமருந்து, புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்களில் கசிந்து வெள்ளையாகத் தெரியும். கசிவு குறைந்தால் கீமோ கேட்கத் தொடங்கியிருக்கலாம். சரி, எவ்வளவு கசிந்தது? வெள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து மிஞ்சினால் படம் கறுத்துவிடும். (மூத்திரப்பையில் இந்தக் கூத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்!)

எனவே பூக்காரர் வழி. ஊசிக்கு முன்பே, காந்தத்துக்குள் கலைத்துவிட்ட திசு பழைய நிலைக்குத் திரும்பும் வேகத்தை அளப்பார்கள். அதுதான் வெறும் கூடை. ஊசிக்குப் பின் மறுபடி அளந்து, முன்னதைக் கழிப்பார்கள். லிட்டருக்கு 1 மில்லிமோல் மருந்து இருந்தால் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 4 கூடும். மிச்சத்தை அதால் வகுத்தால் மருந்தின் செறிவு. அவசரத்தில் முதல் ஸ்கேனை விட்டுவிட்டால், கூடையும் பூ விலைக்கே போகும், சார்!