நீலனின் மனைவி பழுப்பு

காலை வெயில் ஏறியதும் புளியாரை மண்டிய தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று தரையை ஒட்டித் தத்தித் தத்திப் பறக்கும். பறக்கும்போது வெளிர்நீலம். உட்கார்ந்து சிறகை மூடியதும் நீலத்தைக் காணோம். கரும்புள்ளிகள் தெளித்த சாம்பல் நிற அடிப்புறம்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதே அளவில், மேற்புறம் கரும்பழுப்பாக இன்னொன்று வரும். வேறு இனம் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் ‘பேல் கிராஸ் புளூ’ எனப்படும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும்தான் அவை. நீலமாக இருப்பது ஆண்.

பூச்சி பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் சறுக்குவது இங்கேதான். அந்த நீலமே ஒரு கண்கட்டு. பழுப்புக்கு மெலனின் என்ற நிறமி இருக்கிறது. நீலனின் சிறகுச் செதிலில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது. கைட்டின் தகடுகளும் காற்றும் மாறிமாறி அடுக்கிய நுண்ணமைப்பு, விழும் வெயிலில் நீலத்தை மட்டும் பளிச்சென்று திருப்பியனுப்புகிறது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதும் இந்தக் கணக்கில்தான். தென்னமெரிக்காவின் மார்ஃபோ பூச்சிச் சிறகில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால், காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்து நீலம் பச்சையாகிவிடும். உலர்ந்தால் பழையபடி நீலம்.

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? மூடிய சிறகின் அடிப்புறத்தையும், அது சுற்றிவரும் செடியையும் வைத்துத்தான். என்னைக் கேட்டால் செடியே பாதி விடை. முட்டையிட வரும் தாய் செடி மாறி இடுவது குறைவு. புளியாரையில் பேல் கிராஸ் புளூ. எலுமிச்சைக் கொழுந்தில் லைம் புளூ. கொடிவேலியில், வரிக்குதிரைக் கோடுகளோடு ஜீப்ரா புளூ. அலுவலக வாசலில் அழகுக்கு வைத்த சைக்கஸ் குருத்து கடிபட்டிருந்தால், அது பெரும்பாலும் பிளெயின்ஸ் கியூபிடின் புழு. அவரை, துவரைக் காய்க்குள் இருந்து வருவது பீ புளூ.

பீ புளூவின் பின்சிறகு நுனியில் மயிரிழை போன்ற வாலும், அதன் அடியில் கண்போன்ற கரும்பொட்டும் உண்டு. உட்கார்ந்தபடி பின்சிறகுகளை மேலும் கீழும் தேய்க்கும்போது வால் உணர்கொம்பு போல ஆடும். தலை அங்கேதான் இருக்கிறது என்று தோன்றும். ஏமாந்து கொத்துகிற பறவைக்குச் சிறகுத் துணுக்குதான் மிஞ்சும். பின்சிறகு மூலை பிய்ந்த பூச்சியைப் பார்த்தால், அது தப்பித்து வந்தது என்று கொள்ளலாம். லைம் புளூவுக்கு இந்த வால் கிடையாது.

இந்தப் புழுக்கள் பலவற்றின் முதுகில் இனிப்பு நீர் கசியும் சுரப்பி உண்டு. அதைக் குடிக்கும் எறும்புகள் காவலாகச் சுற்றி நிற்கும். செடியில் எறும்புக் கூட்டம் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

நீலனின் பழுப்பு மனைவி வேறு; பழுப்பன்கள் என்பவை தனிக் கூட்டம். அவை புல் குடும்பத்தை நம்பியவை. ஆகவே வயலோரமும் மூங்கில் நிழலும் அவற்றின் இடம். அந்தி சாயும் வேளையில் சருகுக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து, நாலடி தள்ளி மறுபடி சருகில் விழுந்து மறைவது ஈவனிங் பிரவுன். இதன் புழு நெல்லையும் தின்னும். பூவைவிட அழுகிய பழத்தில்தான் இதற்கு ஆசை. மழைக்காலத்தில் பிறப்பதன் அடிச்சிறகில் வரிசையாகக் கண்பொட்டுகள். வறண்ட காலத்தில் பிறப்பதற்கோ அவை மங்கி, சிறகே காய்ந்த இலையாகிவிடும்; அப்போது ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதே அபூர்வம். புத்தகப் படத்தில் உள்ளதைத் தேடினால் கிடைக்காது. மாதத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை தொட்டியில் களை எடுக்கும்போது, புளியாரையில் ஒரு கொத்தையாவது விட்டுவையுங்கள்.